பார்வோனின் நகரத்தில் பணிப்பகிஷ்கரிப்பு இல்லை

நான் ஆண்ட முதலாவது ஊரில் களஞ்சியம் முட்டத் தானியம் இருந்தது. சனம் பட்டினி கிடந்தது.

பெரியம்மா வீட்டுக் கொம்பியூட்டர். ஒன்றுவிட்ட அண்ணா யாரிடமோ கொப்பி அடித்து வாங்கிவந்த சீடி. அதில் இருந்த கேம்தான் 'ஃபேரோ'. எங்கட பைபிளில் வருகிற அதே பார்வோன்தான். நைல் நதிக்கரையில் ஒரு வெறும் நிலத்தைத் தந்து, ஊரைக் கட்டு என்று விட்டுவிடுவார்கள். ரோட்டுப் போட வேண்டும், குடிசைக்கு இடம் ஒதுக்க வேண்டும், தண்ணி, சந்தை, கோயில், வைத்தியர் என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். நான் எல்லாம் வைத்திருந்தேன். ஆனாலும் வடக்குப் பக்க வீடுகள் வரிசையாகப் பழைய குடிசையாக மாறிக்கொண்டிருந்தன. அண்ணா வந்து திரையை ஒருக்காப் பார்த்துவிட்டு, "சந்தைக்காரி அந்தப் பக்கம் போறாளே இல்லை. சந்தியில ஒரு தடை போடு" எண்டார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் கூடையோடு ஒரு பெண் வடக்குத் தெருவில் நடந்தாள். வீடுகள் திரும்ப வளர்ந்தன.

விளையாடின ஆக்களுக்குத் தெரியும், இந்தக் கேமின் உயிரே அந்த நடைதான். வைத்தியர், தண்ணி கொண்டுபோகிறவர், தீ அணைக்கிறவர், பூசாரி என்று எல்லாரும் தெருவில் நடப்பார்கள். யார் வாசலைக் கடக்கிறார்களோ அந்த வீட்டுக்கு அவர்களுடைய சேவை கிடைக்கும். சந்திக்கு வந்தால் தங்கட பாட்டில் ஏதோ ஒரு பக்கம் திரும்பிவிடுவார்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் இருந்த 'இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ்' 1998 இல் வெளியிட்ட ரோமாபுரிக் கேமான 'சீசர் 3' இல் இதைத் தடுக்கவென்று தனியாக ஒரு தடை இருக்கவில்லை. 1999 இல் வந்த ஃபேரோவில்தான் சந்தித் தடை என்ற புண்ணியம் கிடைத்தது.

2023 இல் இதையே புது வர்ணத்தோடு 'ஃபேரோ: எ நியூ எரா' என்று திரும்ப வெளியிட்டார்கள். நானும் திரும்ப உள்ளே போனேன். இந்தமுறை ஆள் சின்னப் பிள்ளை இல்லை. இடையில் பழைய எகிப்தைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருந்தேன். அதனால் முந்தி வராத ஒரு கேள்வி வந்தது: இந்த ஊரில் பசி வந்தால் சனம் என்ன செய்யும்?

கேமின் விடை சுருக்கமானது. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போவார்கள். சிலர் களவெடுப்பார்கள். அவ்வளவுதான். சம்பளத்தை நாட்டின் வழக்கமான அளவைவிட இரண்டு 'டெபென்' கூட்டிவிட்டால் புதுக் குடும்பங்கள் சாமான்களோடு வந்து இறங்கும். கோபம் என்பது அங்கே ஒரு அளவு. கூடும், குறையும். அது ஒருநாளும் வாய் திறந்து ஒன்றைக் கேட்காது.

குறை சொல்ல முன் இந்தக் கேமுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பிரமிட்டை யார் கட்டினார்கள் என்று கேட்டால் எங்களில் பாதிப்பேர் இன்றைக்கும் 'அடிமைகள்' என்றுதான் சொல்வோம். 1956 இல் வந்த 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தின் சவுக்கடிக் காட்சிகள் அப்படி மனதில் ஊறிவிட்டன. (யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் செய்வது செங்கல். கட்டுவது பித்தோம், ராமசேஸ் என்ற களஞ்சியப் பட்டினங்கள். பிரமிட்டைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.) கிரேக்கர் ஹெரோடோட்டஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற ஒரு லட்சம் பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது கூஃபுவின் பிரமிட் எழும்பி இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு. அவருக்கும் அது பழங்கதைதான்.

ஃபேரோ கேமில் அடிமை கிடையாது. 'வேலை முகாம்' என்று ஒரு கட்டடம் இருக்கும். அங்கிருந்து குடியானவர்கள் ஆற்றோர வயலுக்குப் போவார்கள். நைல் பெருகி வயலை மூடும் காலத்தில் அதே ஆக்கள் கல் இழுக்கப் போவார்கள். இது பெரும்பாலும் சரியான சித்திரம். 1990 இல் கீசாவில் பிரமிட் வேலையாட்களின் கல்லறைகள் வெளிவந்தன, அதுவும் அரசரின் பிரமிட்டுக்கு அருகிலேயே. எலும்புகளில் தேய்ந்த மூட்டுகள் இருந்தன. முறிந்து, கட்டுப்போட்டு, நேராகப் பொருந்தி ஆறின கைகளும் இருந்தன. மார்க் லெஹ்னரின் குழு தோண்டிய குடியிருப்பில் வெதுப்பகங்களும் ஏராளமான மாட்டெலும்பும் கிடைத்தன. 2013 இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் இன்னும் பெரிய அதிசயம் ஒன்று கிடைத்தது: மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்பேடு. நாற்பது பேரளவிலான ஒரு குழு, தூரா என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்கியதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். எழுத்துள்ள பப்பைரஸ் சுருள்களில் இதுவரை கிடைத்தவற்றுக்குள் மிகப் பழையது இதுதான். வாசித்தால் லொறி றைவர் ஒருவரின் லொக் புத்தகம் மாதிரியே இருக்கும்.

ஆனால் 'அடிமை இல்லை' என்பதும் 'விருப்பப்பட்டு வந்தார்கள்' என்பதும் ஒன்று இல்லை. இங்கேதான் கேம் வழுக்குகிறது.

எகிப்தியக் குடியானவர் அரசருக்கு உழைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். இலங்கையில் எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் இதற்கு 'ஊழியம்' என்றே பெயர். சிங்கள அரசர்களின் கீழ் 'ராஜகாரிய'. ஆங்கிலேயர் 1830களின் தொடக்கத்தில்தான் அதைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். எகிப்தில் அந்த ஊழியத்தை விட்டு ஓடினால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பப்பைரஸ் சாட்சியாக இருக்கிறது. இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுருளில், 12ஆவது வம்சக் காலத்தில் அரச வேலையிலிருந்து ஓடிப்போனவர்களின் பெயர்ப்பட்டியல் உள்ளது. பெயர், ஊர், என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, வழக்கு முடிந்ததா என்று வரிசையாக. ஓடினவருக்குப் பதிலாக வீட்டு ஆக்களைப் பிடித்து வைத்திருந்து, பிறகு விடுவித்ததும் அதிலிருந்து தெரியவருகிறது.

இதையும் கேமையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமில் குடிமக்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஊரை விட்டுப் போவது. நிஜ எகிப்தில் அதுதான் குற்றம்.

அப்ப அந்த யோசனை கேமுக்குள் எங்கேயிருந்து வந்தது? எகிப்திலிருந்து வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தது. நகரம் கட்டும் கேம்களுக்கெல்லாம் வழிகாட்டி 1989 இல் வில் ரைட் செய்த 'சிம்சிட்டி'. அவர் அதற்குப் படித்த புத்தகங்களில் ஒன்று ஜே ஃபாரெஸ்டர் என்ற பொறியியலாளர் 1969 இல் எழுதிய 'அர்பன் டைனமிக்ஸ்'. ஒரு நகரம் கவர்ச்சியாக இருந்தால் ஆக்கள் உள்ளே வருவார்கள், கவர்ச்சி குறைந்தால் வெளியே போவார்கள், இதைச் சமன்பாடாக எழுதலாம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. வேலை பிடிக்காவிட்டால் காரில் ஏறி அடுத்த மாநிலத்துக்குப் போகக்கூடிய சனத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தலாம். 1992 இல் இம்ப்ரெஷன்ஸ் தன் முதலாவது 'சீசர்' கேமில் சிம்சிட்டியின் வழியை ரோமாபுரிக்குக் கொண்டுபோனது. பிறகு எகிப்து. 2000 இல் கிரேக்கம். உடுப்பு மாறினது, சமன்பாடு மாறவில்லை. எகிப்தியக் குடியானவருக்கு உள்ளே இருந்தது ஒரு அமெரிக்கப் புறநகர்வாசி.

காசும் அப்படித்தான். கேமில் எல்லாம் டெபென் என்ற தங்கக் கணக்கில் ஓடும். டெபென் என்று ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அது நாணயம் இல்லை, எடை. புதிய அரசுக் காலத்தில் சுமார் 91 கிராம். ஒரு கட்டில் இத்தனை டெபென் செம்பு பெறும் என்று விலையைக் கணக்குப் பார்ப்பார்கள். கொடுக்கும்போது எண்ணெய், துணி, தானியம் என்று அந்தப் பெறுமதிக்கு எதையும் கொடுப்பார்கள். சம்பளம் என்பது தானியம், பாண், பியர். இம்ப்ரெஷன்ஸ் 2004 இல் மூடப்பட்டது. அங்கிருந்து பிரிந்துபோன ஆக்கள் அதே வருடம் வெளியிட்ட 'சில்ட்ரன் ஒஃப் த நைல்' கேமில் இதைச் சரிப்படுத்தி, பாணையே சம்பளமாக வைத்தார்கள். அந்தக் கேமைக் கனபேர் விளையாடவில்லை என்பது என்னுடைய நிரந்தர மனக்குறை.

சம்பளம் தானியமாக வருகிற ஊரில் தானியம் வராவிட்டால் என்ன நடக்கும்? இதற்கு ஊகம் தேவையில்லை. நடந்ததை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைய லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், டெய்ர் எல்-மெதினா என்று ஒரு பாழடைந்த கிராமம் இருக்கிறது. மதிலுக்குள் எழுபது வீடளவில். ராஜாக்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்து, சுவரில் சித்திரம் தீட்டின ஆக்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். பாலைவனத்துக்குள் இருந்ததால் கிணறு இல்லை, வயல் இல்லை. தண்ணிகூட கழுதையில் வர வேண்டும். மீன், மரக்கறி, விறகு, பானை எல்லாம் அரசாங்கம் அனுப்பும். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 'கார்' கோதுமை பாணுக்கு, ஒன்றரைக் கார் பார்லி பியருக்கு. ஒரு கார் கிட்டத்தட்ட 76 லீற்றர்.

இந்த ஊரைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவர்களில் கனபேருக்கு எழுத்துத் தெரியும் என்பது. சுண்ணாம்புக்கல் துண்டிலும் பானை ஓட்டிலும் கண்டதையெல்லாம் கிறுக்கி எறிந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. இரண்டாம் ராம்சேசின் 40ஆவது வருடத்து வரவுப் பதிவேடு. யார் யார் என்றைக்கு வேலைக்கு வரவில்லை, ஏன் என்று காரணத்தோடு. ஒருவருக்குத் தேள் கடித்தது. ஒருவருக்குக் கண் வருத்தம். ஒருவர் செத்துப்போன தாயின் உடலைத் துணி சுற்றப் போய்விட்டார். இன்னொருவர் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தார். (இதெல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம். எங்கட ஆக்கள் லீவு எடுக்க எத்தனை பாட்டியைச் சாகடிக்கிறார்கள்!)

இனி மூன்றாம் ராம்சேசின் 29ஆவது வருடம், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தானியம் வர வேண்டிய நாள் கடந்து 18 நாளாகிவிட்டது. வேலையாட்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு, கல்லறைப் பகுதியின் ஐந்து காவல் சுவர்களையும் தாண்டி வெளியே வந்து, மூன்றாம் துத்மோசின் கோயிலின் பின்பக்கத்தில் குந்திவிட்டார்கள். அதிகாரிகள் வந்து பெரிய பெரிய சத்தியமெல்லாம் பண்ணித் திரும்பிப்போகச் சொன்னார்கள். ஆக்கள் அசையவில்லை. அடுத்த நாள் ராமெசியம் கோயில் வாசல். அதற்கடுத்த நாள் கோயிலுக்கு உள்ளேயே போய்விட்டார்கள். அவர்கள் சொன்னதை அமென்நக்த் என்ற எழுத்தர் பப்பைரஸில் பதிந்தார். பசியாலும் தாகத்தாலும்தான் வந்தோம். உடுப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, மரக்கறி இல்லை. இதைப் பார்வோனுக்கு எழுதுங்கள், வசீருக்கும் எழுதுங்கள். வசீர் என்றால் தலைமை மந்திரி. அன்றைக்கே பிந்திக் கிடந்த முந்தின மாதத் தானியம் வழங்கப்பட்டது.

எங்கே போய் இருந்தார்கள் என்று கவனியுங்கள். கோயில்களில். ராமெசியத்தின் பின்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகத் தானியக் களஞ்சியம். அவற்றின் செங்கல் வளைவுகள் இன்றைக்கும் நிற்கின்றன. என்னுடைய முதலாவது ஊர் மாதிரியேதான்: சாமான் இருந்தது, சந்தைக்காரி அந்தத் தெருவால் வரவில்லை. வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தாங்களே களஞ்சியத்தடிக்குப் போனார்கள்.

அதோடு முடியவும் இல்லை. அடுத்த மாதமும் பிந்தியது, அடுத்ததும் பிந்தியது. ஒருமுறை அவர்கள், நாங்கள் பசிக்காக மட்டும் சுவரைத் தாண்டி வரவில்லை, பார்வோனின் இந்த இடத்தில் அநியாயம் நடந்திருக்கிறது என்று சொன்னார்கள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். சாப்பாடு கேட்பது வேறு. சாப்பாடு ஏன் இல்லாமல் போனது என்று கேட்பது வேறு. அதே காலத்தில் தலைமை மந்திரி தோ, அரசரின் முப்பதாவது ஆண்டு விழாவுக்குத் தெற்கிலிருந்து தெய்வச் சிலைகளைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஊருக்குள் வராமல் ஆள் விட்டு ஒரு செய்தி அனுப்பினார். உங்கட சாப்பாட்டைப் பறிக்கவா என்னை மந்திரியாக்கினார்கள், களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லை, கிடைத்ததைத் தருகிறேன் என்கிற தோரணையில். கிடைத்தது பாதிப் பங்கு. பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்தால் போன தீப்ஸ் நகரத் தலைவரைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் 50 மூட்டைக் கோதுமைக்கு ஏற்பாடு செய்தார். இந்தப் பப்பைரஸ் இப்போது இத்தாலியின் டுரின் நகர எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தில் பதிவான முதலாவது பணிப்பகிஷ்கரிப்பு இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

இதை நான் வாசித்த காலத்தைச் சொல்லத்தான் வேண்டும். நான் முதல்முதல் வேலை செய்த இடத்தில் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. கணக்குப் பகுதிக்குத் தனித்தனியாகப் போய் மெதுவாகக் கேட்டோம். தனித்தனியாகத் திரும்பி வந்தோம். ஒவ்வொருவராக வேறு வேலை தேடிக்கொண்டு நின்றோம். நானும் நின்றேன். ஒருத்தரும் எங்கேயும் குந்தவில்லை. பிறகு கேமைத் திறந்து, மூட்டையோடு ஊரை விட்டுப் போகிற அந்தச் சின்ன உருவங்களைப் பார்த்தபோது, சமன்பாடு எங்களுக்கும் நன்றாகத்தான் பொருந்துகிறது என்று பட்டது. அமெரிக்கப் புறநகர்வாசி என்று மேலே நக்கலாக எழுதிவிட்டேன். எழுதினது அழியாமல் அப்படியே இருக்கட்டும்.

கேமில் இப்படியொன்றை வைப்பது கஷ்டமா? கஷ்டம் இல்லை என்பதற்கு இந்த வகையின் பூட்டனே சாட்சி. 1964 இல் நியூயோர்க் மாநிலத்தில் மேபல் அடிஸ் என்ற ஆசிரியை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 'சுமேரியன் கேம்' என்று ஒன்றை எழுதினார். படம் பெரிதாக இல்லை. லகாஷ் நகரத்து அரசராக இருந்து, எவ்வளவு தானியம் விதைக்க, எவ்வளவு சனத்துக்குக் கொடுக்க என்று எண்ணைத் தட்ட வேண்டும். அந்த யோசனையிலிருந்து பிறந்த 'ஹமுராபி' 1970களில் பேசிக் மொழியில் எல்லா இடமும் பரவியது. அதில் ஒரே வருடத்தில் சனத்தில் 45 வீதத்துக்கு மேல் பட்டினியால் செத்தால், ஆட்டம் முடிந்தது. உங்களைப் பதவியிலிருந்து தூக்கி எறிந்துவிடுவார்கள். சில பக்கத்தில் அடங்குகிற அந்த நிரலில் இருந்த ஒரு சங்கதி, முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த அழகான ஃபேரோவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அங்கேயும் பதவி போகலாம்தான். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது மேலே இருக்கிற அரசருக்கு, கடனுக்கு, தெய்வங்களுக்கு. கீழே இருக்கிற சனத்துக்கு இல்லை.

ஃபேரோவுக்கு 2000 இல் 'கிளியோபாட்ரா' என்று ஒரு விரிவு வந்தது. அதில் ராஜாக்களின் பள்ளத்தாக்கும் இருக்கிறது. கல்லறை குடையலாம், சுவருக்குச் சித்திரம் தீட்டலாம். கல்லறைக் கள்ளர்களும் வருவார்கள். காவலர்களை வைத்து மறிக்க வேண்டும். இதுவும் நிஜ வரலாறுதான். மூன்றாம் ராம்சேசுக்குப் பிறகும் தானியம் பிந்துவதும் ஆக்கள் வேலையை நிறுத்துவதும் தொடர்ந்தன. ஒன்பதாம் ராம்சேசின் 16ஆவது வருடம் தீப்ஸில் பெரிய கல்லறைக் களவு விசாரணை நடந்தது. அதில் அமென்பனுஃபெர் என்ற கல் உடைக்கிறவரின் வாக்குமூலம் இருக்கிறது. பழைய அரசர் ஒருவரின் கல்லறையைக் குடைந்து தங்கத்தை எடுத்ததாகவும், பிடிபட்டபோது தன் பங்கை ஒரு எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்ததாகவும், கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவருக்குத் திரும்பப் பங்கு கொடுத்ததாகவும் சொல்கிறார். அடுத்த வருடம் டெய்ர் எல்-மெதினா ஆக்கள் சிலரும் களவில் மாட்டினார்கள். தங்கட பாட்டன்மார் குடைந்த கல்லறைகள்.

கேமில் அந்தக் கள்ளர் வீடுகளிலிருந்துதான் வெளியே வருவார்கள். நான் போன கிழமை விளையாடும்போது இன்னுமொரு காவல் நிலையம் கட்டினேன். களவு நின்றது.